பென்னாகரத்திலிருந்து எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம் படிக்கிறீர்கள். அடுத்து பொது சுகாதார முதுகலையான எம்.பி.எச். சேரலாமா என்று யோசனை. வீட்டில் பி.எட். போகச் சொல்கிறார்கள். "டாக்டரும் கிடையாது, நர்சும் கிடையாது, அப்புறம் என்னடா பொது சுகாதாரம்? சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலையா?" என்று மாமா கேட்கிறார். உங்கள் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். இதே குழப்பத்தோடு வேறு சிலரும் எழுதியிருப்பதால் எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்; அது பின்னால் தேவைப்படுகிறது.

மாமா கேட்டதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டது தெரிகிறது. அவர் கேட்டதில் பாதி சரி. மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பவர், டெங்கு வந்தால் தெருத்தெருவாகப் போய் பழைய டயரையும் கொட்டாங்குச்சியையும் கவிழ்க்க வைப்பவர் சுகாதார ஆய்வாளர். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிணங்கள் அழுக, கிணறுகளில் கடல்நீர் புக, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கூரையின் கீழ் முகாம்களில் தங்கியிருக்க, அடுத்தது காலரா என்றுதான் எல்லாரும் பயந்தார்கள். வரவில்லை. மற்ற மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும் பிளீச்சிங் பவுடரோடு முகாம் முகாமாக அலைந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த வேலையோடு ஒப்பிட்டால் குறைந்து போவோம் என்று நினைக்கிறவருக்கு இந்தத் துறை வேண்டாம்.

ஆனாலும் மாமாவிடம் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள். சுகாதார ஆய்வாளர் படிப்பு தனி. பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கான இரண்டு வருடப் பயிற்சி அது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் உள்ளது போன்ற நிறுவனங்கள் நடத்துகின்றன. முடித்தவர்களை அரசு தேர்வு வாரியம் மூலம் எடுக்கிறது. நேரான பாதை. நீங்கள் பிளஸ் டூவில் கணக்கும் கம்ப்யூட்டர் சயின்சும் எடுத்தவர், அந்தக் கதவு உங்களுக்கு இல்லை. எம்.பி.எச். என்பது பட்டப்படிப்புக்குப் பிறகான இரண்டு வருட முதுகலை. அதற்கு அப்படிப்பட்ட நேரான பாதை எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொது சுகாதாரத்தில் தமிழ்நாட்டுக்கு இந்தியாவில் தனி இடம் உண்டு. 1922-லேயே இங்கே இதற்கென்று தனி இயக்குநரகம் வந்தது. 1939-இல் சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். இன்றும் பல மாநிலங்களில் ஒரே இயக்குநர் மருத்துவமனைக் கட்டிலையும் கொசு ஒழிப்பையும் சேர்த்துப் பார்க்க, இங்கே அவை வேறு வேறு கைகளில் இருக்கின்றன. இந்தப் பெருமைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அந்த இயக்குநரகத்தின் ஏணியை எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்கொண்டு பொது சுகாதாரம் படித்த மருத்துவர்களுக்காகக் கட்டினார்கள். மாவட்ட சுகாதார அலுவலர் நாற்காலியில் அவர்கள்தான் உட்காருவார்கள். புள்ளியியல் படித்து எம்.பி.எச். வாங்கிய ஒருவர் அந்த ஏணியின் முதல் படியில்கூடக் கால் வைக்க முடியாது. இது நியாயமா என்று என்னைக் கேட்டால், முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலவரம் இதுதான்.

அப்படியென்றால் ஏன் படிக்க வேண்டும்?

உங்கள் ஊரிலிருந்தே சொல்கிறேன். பென்னாகரத்தில் நாற்பது வயதுக்காரர்கள் சிரிக்கும்போது பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் வயதானவர்களில் முதுகு நிமிர முடியாதவர்கள், முட்டி வளைந்தவர்கள் உண்டு. பாறைக்குள்ளிருந்து வரும் புளோரைடு போர்வெல் தண்ணீரில் கலந்து, வருடக்கணக்கில் குடித்ததால் வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டுக் கணக்கு. கறை ஏறிய பல்லையும் இறுகிப்போன எலும்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த மருத்துவராலும் முடியாது. தண்ணீரை மாற்றுவது ஒன்றுதான் வழி. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் என்ற நோயின் பெயர் இருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு வந்த மிகப் பெரிய மருந்து குழாய் வழியாக வந்தது, அதைக் கட்டியவர்கள் பொறியாளர்கள்.

சரி, அந்த மருந்து வேலை செய்ததா? இங்கேதான் உங்களுக்கு வேலை வருகிறது. நிலையான முன்பற்களின் எனாமல் பிறந்த முதல் சில வருடங்களுக்குள் உருவாகிவிடுகிறது. பல் வெளியே வருவது ஏழு வயது வாக்கில். ஆக, 2013-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் முன்பற்களை 2020-க்கு மேல்தான் பார்க்கவே முடியும். இன்று உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே அதற்கான சாட்சி. அவர்களின் பல்லைத் தரம் பிரித்து, அவர்களுடைய அண்ணன் அக்காமார்களின் பல்லோடு ஒப்பிடலாம். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் எந்தெந்த வீட்டில் போர்வெல் தண்ணீரைக் குடித்தார்கள்? சமையலுக்கு எந்தத் தண்ணீர்? வேலைக்காக பெங்களூருக்குப் போய் வந்த குடும்பங்களை எந்தக் கணக்கில் வைப்பது? எத்தனை பிள்ளைகளைப் பார்த்தால் போதும்? இந்தக் கேள்விகளை ஒழுங்காகக் கேட்கவும், பதில் தேடிப் போகவும், கிடைத்ததை அதிகாரியின் மேசையில் ஒரே பக்கத்தில் வைக்கவும் கற்றுத் தருவதுதான் நீங்கள் சேரப்போகும் படிப்பு. மற்றதெல்லாம் பாடத்திட்ட அலங்காரம்.

புள்ளியியல்காரருக்கு இந்தத் துறையில் என்ன இடம் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நடந்தது சென்னை சேத்துப்பட்டில்.

1950-களில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, கறி, மாதக்கணக்கில் படுக்கை. மருந்து வந்துவிட்டிருந்தது, ஆனால் படுக்கையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கை எந்தக் காலத்திலும் கிடைக்காது. வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து இதைக் கண்டுபிடிக்க ஒரு மையத்தைத் திறந்தன. தலைமை வகிக்க வந்தவர் வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்தார்கள். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே, ஒரு வருடம். குலுக்கல் எதற்கு என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள், ஆனால் அதன் காரம் இப்படிப் பார்த்தால்தான் தெரியும். மருத்துவரிடம் முடிவை விட்டிருந்தால் இரக்கப்பட்டு, மோசமாக இருப்பவரை எல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் நோய் குறைந்தவர்களாகப் போயிருப்பார்கள். கடைசியில் வரும் விடை யாருக்கும் பயன்படாது. நல்ல மனசு கணக்கைக் கெடுத்துவிடும் இடங்கள் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும், எளிதாக வராது.

முடிவு 1959-இல் வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், உடல் எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான அறையில், அரைகுறைச் சாப்பாட்டோடு, கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலைக்கும் போனார்கள். நோய் குணமானதில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பின்னர் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது நோய் திரும்ப வந்ததிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்த மனைவி மக்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியம் என்ற ஏற்பாடே உலகமெங்கும் மெல்ல மூடுவிழா கண்டதற்குச் சேத்துப்பட்டில் போட்ட இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். ஐரோப்பியப் பணக்கார நாடுகளுக்கும் விடை சென்னைச் சேரியிலிருந்து போனது.

இந்த வேலையில் ஸ்டெதாஸ்கோப்போடு இருந்தவர்கள் ஒரு பகுதிதான். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய், மாத்திரை மிச்சத்தை எண்ணி, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் மாதிரி வாங்கிவந்த ஊழியர்கள் இருந்தார்கள். சளியைச் சோதித்த ஆய்வகத்தார் இருந்தார்கள். எல்லாவற்றையும் அட்டவணையாக்கிய புள்ளியியலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான எஸ். ராதாகிருஷ்ணா பிற்காலத்தில் சென்னையில் மருத்துவப் புள்ளியியலுக்கென்றே இருந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். அந்த நிறுவனமும் ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவும் 1999-இல் இணைந்துதான் இன்று அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உருவானது. எம்.பி.எச். படிப்பு நடத்தும் இடம்தான் அதுவும். உங்களுக்கு அங்கே தாய்வழிச் சொந்தம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய உதாரணமும் ஒன்று. மாத்திரை இருந்தும் காசநோயில் ஏன் இன்னும் சாகிறார்கள்? கண்டுபிடித்த சில வாரங்களுக்குள்ளேயே இறப்பவர்கள் நிறைய என்று பார்த்தார்கள். 2022-இல் தமிழக அரசும் இதே தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' சில எளிய சோதனைகளை வைத்தது: உயரத்துக்கு ஏற்ற எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. மோசமாக இருப்பவரை அன்றே பிரித்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், மற்றவர் வீட்டிலிருந்தே சாப்பிடலாம். புதிய மருந்தும் கிடையாது, பெரிய இயந்திரமும் கிடையாது. எடை போடும் மெஷின் போன்ற சிறு கருவிகளும் ஒரு காகிதமும். 1959-இல் வீட்டுக்கு அனுப்பலாம் என்றவர்களின் வாரிசுகள், யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதை 2022-இல் தேடினார்கள் என்று சொல்லலாம்.

இனி வேலை. இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்டீர்கள், நான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

எம்.பி.எச். முடித்தவர்களில் பெரும்பாலோர் முதலில் போய்ச் சேருவது திட்டங்களில். தேசிய சுகாதார இயக்கம், நோய்க் கண்காணிப்புத் திட்டம், காசநோய்த் திட்டம், ஆராய்ச்சி நிறுவனங்களின் ஆய்வுகள், தொண்டு நிறுவனங்கள். எல்லாம் ஒப்பந்தம், தொகுப்பூதியம். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது, புதுப்பிப்பார்களா என்று காத்திருப்பது, திட்டம் முடிந்தால் வேறு ஊர். வெளிநாட்டு நிதியை நம்பியிருந்தவர்களுக்கு 2025-இல் நடந்தது தெரியும்: அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டை முடக்கியதும் உலகெங்கும் எத்தனையோ சுகாதாரத் திட்டங்கள் பாதியில் நின்றன. இருபத்தாறு வயதில் இதைத் தாங்கலாம். கல்யாணம், வீட்டுக் கடன், வயதான பெற்றோர் என்று வரும்போது பலர் வெளியேறிவிடுகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. மாமா பி.எட். என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பயம்தான், அது வீண் பயம் இல்லை.

தாக்குப்பிடிப்பவர்கள் யார் என்று பார்த்தால், கையில் ஒரு தொழில் தெரிந்தவர்கள். "நான் எம்.பி.எச்." என்று சொல்பவரைவிட, "பதினைந்தாயிரம் வீடுகளின் தரவைச் சுத்தம் செய்து விடை எடுத்துத் தருவேன்" என்பவருக்குத்தான் இரண்டாவது வேலை கிடைக்கிறது. அது உங்களிடம் பாதி இருக்கிறது. இந்தத் துறையில் மருத்துவர்களுக்குக் குறைவில்லை, கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

உதாரணத்துக்கு, புற்றுநோய்ப் பதிவேடு என்று ஒரு வேலை இருப்பது பலருக்குத் தெரியாது. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சென்னை நகருக்கான பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் புற்றுநோய் என்று மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் பதிவது, ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணிவிடாமல் பார்ப்பது, மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு பெயர் பெயராக ஒப்பிடுவது. சுப்பிரமணி, சுப்ரமணியன், எஸ். மணி மூவரும் ஒருவரா என்று கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். சென்னைப் பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்துவருகிறது, மார்பகப் புற்றுநோய் கூடிவருகிறது என்று இன்று நாம் உறுதியாகச் சொல்வது இந்தப் பொறுமையால்தான். இதுபோலவே மருந்துப் பரிசோதனைகளுக்குக் கணக்குப் பார்க்கும் நிறுவனங்கள், காப்பீட்டுத் திட்டங்கள், ஒரு சிகிச்சைக்கு அரசு பணம் கொடுப்பது தகுமா என்று கணக்கிடும் சுகாதாரப் பொருளாதாரம். கடைசியில் சொன்னது இந்தியாவில் இப்போதுதான் வளர்கிறது, ஆள் தேவை.

எங்கே படிப்பது? எம்.பி.எச். போன்ற படிப்பை இந்தியாவில் முன்னோடியாகத் தொடங்கியது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், 1997-இல். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எல்லாம் நல்ல இடங்கள். சேர்க்கைத் தகுதி இடத்துக்கு இடம் மாறும். சிலர் எந்தப் பட்டமும் போதும் என்பார்கள், சிலர் மருத்துவம் சார்ந்த பட்டம் கேட்பார்கள், சிலர் கலை அறிவியல்காரர்களிடம் முதுகலையே கேட்பார்கள். அந்தந்த வருட விவரக் குறிப்பைப் படிக்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் என் யோசனை கொஞ்சம் வேறு. நேராக எம்.பி.எச். போகாமல் உயிர்ப்புள்ளியியலில் எம்.எஸ்சி. செய்யுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் உண்டு. மும்பை தேவனாரில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் மக்கள்தொகையியலோடு சேர்த்து உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துவதே அவர்கள்தான். அதன் பிறகு இரண்டு வருடம் ஏதாவது ஒரு களஆய்வில் வேலை பார்த்துவிட்டு, அப்போதும் ஆசை இருந்தால் எம்.பி.எச். போகலாம். களம் பார்த்தவர் வகுப்பில் உட்காருவதும், பார்க்காதவர் உட்காருவதும் ஒன்றில்லை.

தனியார் கல்லூரிகள் சில புதிதாக இந்தப் படிப்பைத் தொடங்கியிருக்கின்றன. கட்டணம் லட்சங்களில். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன், ஆனால் போய்ச் சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் களப்பகுதி எந்த ஊர், அங்கே மாணவர்கள் வருடத்தில் எத்தனை நாள் இருப்பார்கள்? மூன்று வருடத்துக்கு முன் முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? முதல் கேள்விக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினாலோ, இரண்டாவது கேள்விக்கு விளம்பரத் தாளை நீட்டினாலோ பஸ் ஏறிவிடுங்கள். கடன் வாங்கி வெளிநாட்டுக்குப் போய் எம்.பி.எச். படிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். உதவித்தொகை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். நாற்பது லட்சம் கடனில் என்றால் வேண்டாம், திரும்பி வந்து தொகுப்பூதியத்தில் அதை அடைக்க முடியாது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வேலை தருகிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் உங்கள் தர்மபுரி மாவட்டத்துக்கான தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் பெண்களின் ரத்தசோகை வரியைப் பாருங்கள். பிறகு நான்காவது ஆய்வின் தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நாடு முழுவதற்குமான கணக்கில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 53 சதவீதத்திலிருந்து 57 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், எண்ணிக்கை ஏன் ஏறுகிறது? உண்மையாகவே ஏறியதா, அல்லது விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தில் அளந்ததால் வந்த வித்தியாசமா? இந்தச் சண்டை பெரிதாகி, அடுத்த ஆய்வில் ரத்தசோகையை அளக்காமல், அதை வேறு ஒரு ஆய்வுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு தரப்பு வாதத்தையும் தேடிப் படித்துவிட்டு, உங்களுக்கு எது சரி என்று படுகிறது, அதை நிரூபிக்க உங்கள் வட்டத்தில் என்ன செய்வீர்கள் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். எழுதும்போது நேரம் போனது தெரியாவிட்டால் சொல்லுங்கள், மாமாவிடம் நானே பேசுகிறேன். கொட்டாவி வந்தால் பி.எட். நல்ல படிப்புதான், கணக்கு வாத்தியாருக்கு எந்தக் காலத்திலும் ஊரில் மரியாதை உண்டு.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்